சமயபுரத்தில் நாளுக்கு நூறு, பாரிஸில் பூஜ்யம்

மதிப்பிற்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கும், நிதி அமைச்சகத்தில் அந்நியச் செலாவணி விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கும்,



திருச்சியில் முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சதவீதமும் லாப நட்டமும் சொல்லிக்கொடுத்தே தொண்டை வறண்டவன். என் ஓய்வூதியம் வரும் வங்கியின் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. அந்தக் கிளையில் இருப்பவர்கள் மரியாதையானவர்கள். விதி என்ன சொல்கிறதோ அதைத்தான் செய்தார்கள். எனக்கு வழக்கு அந்த விதியோடு. அதை எழுதுகிற இடத்தில் நீங்கள் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2024 மார்ச் கடைசியில் நானும் மனைவியும் பாரிஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். எங்களுக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். நாலு நாள் கறிவேப்பிலை இல்லாமல் ஓடியது. ஐந்தாம் நாள் மனைவி பொறுக்க முடியாமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். மகள் எங்களை மெட்ரோவில் கூட்டிவந்து லா ஷப்பேலில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரம். ஈழத்தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. தமிழில் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் மனைவிக்குத் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கே வந்துவிட்ட தெம்பு. கறிவேப்பிலை, நாலு முருங்கைக்காய், ஒரு கட்டு அப்பளம். எட்டு யூரோ சொச்சம் வந்தது. நான் கார்டை நீட்டினேன்.

"ஐயா, பத்து யூரோவுக்குக் கீழ கார்ட் எடுக்கிறேல்லை. காசாத் தாங்கோ" என்றார் கடைக்காரர்.

கொண்டுபோயிருந்த யூரோ நோட்டுகள் மகள் வீட்டு அலமாரியில். தெருமுனையில் ஏடிஎம் இருந்தது. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் என் வங்கி 150 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். எடுப்பதுதான் எடுக்கிறோம், ஒரேயடியாக எடுத்துவிடுவோம் என்று 200 யூரோவை அழுத்தினேன். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது. அப்புறம் நின்றது. திரையில் பிரெஞ்சில் ஒரு வரி வந்து மறைந்தது. கார்டு வெளியே வந்தது. காசு வரவில்லை, ரசீதும் வரவில்லை.

வெறுங்கையோடு கடைக்குத் திரும்பி, எடுத்துவைத்ததைத் திருப்பி வைத்துவிடச் சொன்னேன். அவர் பையை என் மனைவி கையில் கொடுத்து, "பரவாயில்லை ஐயா, இந்தப் பக்கம் வரேக்கை தாங்கோ" என்றார். என் பேரைக்கூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் இந்திய சிம்முக்கு ரோமிங் பேக் போட்டிருக்கவில்லை. வீட்டில் வைஃபை இருக்கும்போது ஆயிரக்கணக்கில் எதற்குக் கொட்டிக்கொடுப்பது என்ற வாத்தியார் புத்தி. ஆகவே வங்கியின் குறுஞ்செய்தி எதுவும் எனக்கு வரவில்லை. சாயங்காலம் வீட்டு வைஃபையில் ஆப்பைத் திறந்தால் 18,920 ரூபாய் கழிந்திருந்தது. யூரோ அன்று 90 ரூபாய். 200 யூரோவுக்கு 18,000. நாணய மாற்றக் கட்டணம் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆகமொத்தம் 4.13 சதவீதம். அது 743. ஏடிஎம் கட்டணம் 150, அதற்கு ஜிஎஸ்டி 27. வராத காசுக்குக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு வரி. சரிதான்.

கார்டின் பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டிய எழுத்தில் ஒரு 1800 எண் இருந்தது. பிரான்சிலிருந்து அது கிடைக்காது. இந்தியாவுக்குள் மட்டும் இலவசமான எண் அது. வங்கியின் இணையதளத்தில் தேடித் துழாவி +91 என்று தொடங்கும் ஓர் எண்ணை மகள் கண்டுபிடித்தாள். அவள் போனிலிருந்து கூப்பிட்டால், "பதிவு செய்த மொபைல் எண்ணிலிருந்து அழைக்கவும்" என்றது குரல். எப்படியோ ஒரு பெண் பேசினார். அடையாளம் உறுதிசெய்ய ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னார். எங்கே? டிராயரில் உயிரில்லாமல் கிடந்த என் சிம்முக்கு. கடைசியில் ரோமிங் பேக் வாங்கிப் போட்டு, ஓடிபியை வாங்கிச் சொல்லி, புகார் எண் கிடைத்தபோது மறுநாள் மத்தியானம் ஆகியிருந்தது.

பணம் திரும்பி வர 71 நாள் ஆயிற்று.

இப்போது உங்கள் சுற்றறிக்கைக்கு வருகிறேன். 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி நீங்கள் ஒரு நல்ல காரியம் செய்தீர்கள். ஏடிஎம்மில் கணக்கில் பணம் கழிந்து, கையில் காசு வராவிட்டால், ஐந்து நாளுக்குள் வாடிக்கையாளர் கேட்காமலே வங்கி திருப்பிப் போட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு. நான் கிளைக்குப் போய் மேனேஜரிடம் கணக்கு எழுதிக்காட்டினேன். 71-லிருந்து 5 போனால் 66. நாளுக்கு 100 என்றால் 6,600 ரூபாய். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. கம்ப்யூட்டரில் அதே சுற்றறிக்கையை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். அனுப்புபவரும் பெறுபவரும் இருவரும் இந்தியாவுக்குள் இருக்கும் உள்நாட்டுப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

"சார், இதே கார்டு, இதே கணக்கு, சமயபுரம் கோயில் வாசல் ஏடிஎம்ல மாட்டியிருந்தா நானே போட்டுக் கொடுத்திருப்பேன். நீங்க பாரிஸ்ல மாட்டிக்கிட்டீங்க" என்றார்.

குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்பீர்கள். விதியிலேயே இல்லாததை அவர் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்?

எதிர்த்தரப்பு வாதமும் எனக்குத் தெரியும். ஏடிஎம் வேறு நாட்டு வங்கியுடையது. நடுவில் கார்டு நெட்வொர்க் இருக்கிறது. அந்த ஊர் இயந்திரத்தில் நோட்டு எஞ்சியதா என்று அவர்கள் சரிபார்த்துச் சொல்லும்வரை இங்கிருப்பவர் என்ன செய்வார்? நியாயம்தான். ஐந்து நாள் கெடுவை அப்படியே வெளிநாட்டுக்கும் நீட்டச் சொல்லவில்லை. பதினைந்து வையுங்கள், இருபது வையுங்கள். ஏதோ ஒன்றை வையுங்கள் என்கிறேன். விசாரணை முடியும்வரை தற்காலிகமாக வரவு வைக்கச் சொல்லுங்கள். அது உங்களுக்குத் தெரியாத வித்தையும் அல்ல. 2017 ஜூலை 6-ஆம் தேதி சுற்றறிக்கையில் மோசடிப் பரிவர்த்தனைகளுக்கு நீங்களே அப்படித்தான் சொல்லியிருக்கிறீர்கள். வாடிக்கையாளர் தெரிவித்த பத்து வேலை நாளுக்குள் தற்காலிக வரவு, 90 நாளுக்குள் தீர்வு. அதாவது அன்று அந்த ஏடிஎம் வாசலில் எவனாவது என் கார்டைத் திருடியிருந்தால் எனக்குப் பணம் இன்னும் சீக்கிரம் வந்திருக்கும். ஒழுங்காக நின்று ஒழுங்காக பின் நம்பர் போட்டதுதான் நான் செய்த தப்பு.

71-ஆம் நாள் வந்ததும் முழுப்பணம் அல்ல. 17,920 ரூபாய் வந்தது. திருப்பிப் போட்ட அன்றைக்கு அவர்கள் கணக்கிட்ட விகிதம் 89.60. அதில் 80 ரூபாய் போயிற்று. மாற்றக் கட்டணம் 743, ஏடிஎம் கட்டணம் வரியோடு 177, இரண்டும் திரும்பவில்லை. கூட்டிப் பாருங்கள், சரியாக ஆயிரம். பரீட்சைத் தாளுக்கு நான் கணக்குப் போடும்போதுகூட விடை இவ்வளவு அழகாக முழு எண்ணாக வந்ததில்லை. அந்த ஆயிரத்தை மேனேஜர் மேலிடத்துக்கு எழுதி வாங்கிக் கொடுத்தார். அவருக்கு நன்றி. ஆனால் கணக்குப் போடத் தெரியாதவர், "ஏதோ வந்ததே" என்று பாஸ்புக்கை மூடியிருப்பார்.

பாரிஸில் இன்னொரு பாடமும் படித்தேன். குளிருக்கு மனைவிக்கு மூடிய ஷூ வாங்கப் போனோம். 84 யூரோ. விற்பனைப் பெண் கார்டு மெஷினை என் பக்கம் திருப்பினாள். திரையில் இரண்டு வரி: ஒன்று 84 யூரோ, இன்னொன்று 8,051 ரூபாய். ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் ரூபாயைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. எவ்வளவு என்று தெரிந்தே கொடுக்கலாமே என்று ரூபாயை அழுத்தினேன். ராத்திரி மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஐயோ அப்பா, ரூபாய்ல ஏன் போட்டீங்க? எப்பவும் யூரோன்னுதான் அழுத்தணும்" என்றாள்.

ரசீதை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். அடியில் பொடி எழுத்தில் இருந்த விகிதம், ஒரு யூரோவுக்கு 95 ரூபாய் 85 காசு. சந்தையில் 90. யூரோவை அழுத்தியிருந்தால் 84-ஐ 90-ஆல் பெருக்கி 7,560, அதன் மேல் என் வங்கியின் 4.13 சதவீதம், மொத்தம் 7,872. ரூபாயை அழுத்தியதால் 8,051. அதோடு விட்டார்களா? வெளிநாட்டுக் கடை ரூபாயில் எடுத்தாலும் 1 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் போடும் வங்கிகள் உண்டு. என்னுடையதும் அதில் ஒன்று. இன்னொரு 95 ரூபாய். ஒரு ஜோடி ஷூவுக்கு 8,146. கடைக்கும் கடையின் வங்கிக்கும் இந்த மாற்று ஏற்பாட்டை நடத்தும் நிறுவனத்துக்கும் அந்த லாபத்தில் பங்கு உண்டு. அதனால்தான் அந்தப் பெண் அவ்வளவு அன்பாக மெஷினைத் திருப்பினாள்.

ஏடிஎம்களிலும் இதே கதைதான். "எங்கள் மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா, நிராகரிக்கிறீர்களா?" என்று கேட்கும். நிராகரித்தால்தான் நல்லது, அப்போது நம் வங்கியின் விகிதத்தில் கழியும், காசும் வரும். ஆனால் வரிசையில் பின்னால் நாலு பேர் நிற்க, அந்நிய ஊரில் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் "நிராகரி" என்று கண்டால் எந்தப் பெரியவர் அழுத்துவார்? காசே வராமல் போய்விடுமோ, கார்டை விழுங்கிவிடுமோ என்று பயந்து பச்சையை அழுத்துவார். அந்தப் பயத்தில்தான் அவர்கள் வியாபாரம் ஓடுகிறது.

வெளிநாட்டுக் கடைக்காரனை ரிசர்வ் வங்கி திருத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கார்டு கொடுத்த வங்கி உங்கள் கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் 518 என்ற எண்ணோடு ஒரு விதி கொண்டுவந்தது. அங்கே கார்டு தரும் வங்கி தன் நாணய மாற்றக் கட்டணத்தை ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விகிதத்துக்கு மேல் எத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாகச் சொல்லியாக வேண்டும். இன்னொரு நாணயத்தில் கார்டைப் பயன்படுத்தினால் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பியும் தெரிவிக்க வேண்டும். நமக்கும் ஒரு குறிப்பு விகிதம் இருக்கிறது. 2018 ஜூலையிலிருந்து எஃப்பிஐஎல் என்ற நிறுவனம் தினமும் டாலர், யூரோ, பவுண்ட், யென் நான்குக்கும் வெளியிடுகிறது. அதற்கு மேல் எங்கள் கார்டில் இத்தனை சதவீதம், வரி உட்பட, என்று ஒரே எண்ணை ஒவ்வொரு வங்கியும் கார்டு உறையிலேயே அச்சடிக்கட்டும். "3.5 சதவீதம் மற்றும் பொருந்தக்கூடிய வரிகள்" என்ற வாலை வெட்டுங்கள். வகுப்பில் ஒரு பையன் விடையை அப்படி எழுதியிருந்தால் நான் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன். முதல் வெளிநாட்டுச் செலவு நடந்தவுடன், "மெஷின் ரூபாயில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்" என்று தமிழில் ஒரு செய்தி வரட்டும். இதற்கு என்ன செலவு?

நோட்டாகவே எடுத்துப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாக எடுத்துப் போக விடமாட்டீர்கள். அது நியாயம்தான், பையில் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு மெட்ரோவில் ஏற என்னாலும் ஆகாது. ஃபாரெக்ஸ் கார்டு? அதையும் வாங்கினேன். திருச்சி ஏஜென்ட் டாலரில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். டாலர் கார்டை யூரோ நாட்டில் தேய்த்தால் நடுவில் இன்னொரு மாற்றக் கட்டணம் விழும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் முட்டாள்தனம். அதை உங்கள் தலையில் போட மாட்டேன்.

ஓடிபி விஷயத்தை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்தியாவுக்குள் இணையத்தில் கார்டு போட்டால் இரண்டாவது உறுதிப்பாடு வேண்டும் என்று 2009 ஆகஸ்டிலேயே கட்டாயமாக்கினீர்கள். உலகத்துக்கே முன்மாதிரி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டு இணையதளத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்க மூன்று இலக்கம் கிடைத்தால் போதும், ஓடிபி கேட்காமலே அங்கே பணம் எடுக்கலாம். திருடனுக்கு ஓடிபி தேவையில்லை. அதே நேரத்தில் வெளிநாட்டில் நிற்கும் கார்டின் சொந்தக்காரன் தன் கார்டின் உச்சவரம்பைக் குறைக்க வேண்டுமானால், புகார் கொடுக்க வேண்டுமானால், அவனிடம் ஓடிபி கேட்கிறார்கள். பூட்டு வீட்டுக்காரனுக்கு மட்டும்.

2020 அக்டோபர் 1-லிருந்து புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முதலில் அணைந்தே இருக்க வேண்டும், வேண்டுபவர் இயக்கிக்கொள்ளலாம் என்று விதி போட்டீர்கள். அதை மனதாரப் பாராட்டுகிறேன். எத்தனை பேர் பணம் அதனால் தப்பியிருக்கும். ஆனால் என்னோடு வேலை பார்த்த சயின்ஸ் வாத்தியார் மலேசியா போய், பத்துமலை முருகன் சிலைக்குக் கீழே கடையில் நின்றபோதுதான் தன் கார்டு அணைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அதை இயக்க ஆப்பைத் திறந்தார். ஓடிபி கேட்டது. சிம் திருச்சியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. கூட வந்தவரிடம் கடன் வாங்கினார். அங்கிருந்து பாங்காக் போய் வேறொரு கார்டில் மூன்று தடவை சில்லறை சில்லறையாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் அந்த ஊர் ஏடிஎம்முக்கு 220 பாட், நம் காசில் ஏறக்குறைய 500 ரூபாய், தட்சிணை வைத்தார். அவர் மனைவி வைத்திருந்தது சாதாரண ரூபே அட்டை. அது வெளிநாட்டு இயந்திரத்தில் செல்லாது என்று கொடுத்தபோது யாரும் சொல்லவில்லை. ரூபே குளோபல் என்று தனியாக ஒன்று இருப்பதே அவர்களுக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

வெளிநாட்டு இணையதளம் கேட்டால் இரண்டாவது உறுதிப்பாட்டைச் சரிபார்க்கும்படி 2025 செப்டம்பரில் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டு, 2026 அக்டோபர் 1-க்குள் வங்கிகள் தயாராக வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறீர்கள். நல்லது. குறுஞ்செய்தி ஓடிபி மட்டும்தான் வழி என்றில்லை, வேறு முறைகளும் வைக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. "வைக்கலாம்" என்பதில்தான் எனக்குப் பயம். வங்கிகளுக்குக் குறுஞ்செய்தி பழகிப்போன பாதை. அதையே தொடர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? இதுவரை திருடனுக்குத் திறந்திருந்த கதவு ஓரளவு மூடும். கூடவே, சிம் வேலை செய்யாத ஊரில் ரயில் டிக்கெட் எடுக்க நிற்கும் வயசானவர்களுக்கும் மூடும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கும் அந்த நிமிடமே, "சிம் இல்லாமல் உறுதிசெய்ய எந்த வழி வேண்டும்?" என்று வங்கி கேட்டு வாங்கி வைத்தாக வேண்டும் என்று எழுதுங்கள். அங்கே "வேண்டும்" என்று போடுங்கள்.

எச்சரிக்கைச் செய்திக்கும் இதே கதிதான். 2017 சுற்றறிக்கைப்படி மூன்றாம் நபர் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு பூஜ்யம். நாலிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஓர் அளவு வரை நம் தலையில். வங்கியிடமிருந்து தகவல் வந்ததிலிருந்து எண்ண வேண்டும். எந்தத் தகவல்? குறுஞ்செய்தி கட்டாயம், பதிவு செய்திருந்தால் மின்னஞ்சலும் அனுப்பலாம். மறுபடியும் "லாம்". வங்கி அனுப்பிவிட்டது, என் சிம் வாங்கவில்லை, நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டில் நடக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் மின்னஞ்சலும் ஆப் அறிவிப்பும் கட்டாயம் என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும். கார்டின் பின்பக்கம் +91 எண்ணைக் கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சிடச் சொன்னால் அதற்கு மேல் புண்ணியம்.

நிதி அமைச்சகத்துக்கும் ஒரு வார்த்தை. 2023 மே 16-ஆம் தேதி வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செய்யும் செலவும் தாராளப் பணஅனுப்பல் திட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று அறிவிக்கை வெளியிட்டீர்கள். ஜூலை 1-லிருந்து 20 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மூன்றே நாளில், மே 19-ஆம் தேதி, 7 லட்சம் ரூபாய் வரை விலக்கு என்றீர்கள். ஜூன் 28-ஆம் தேதி கிரெடிட் கார்டுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று ஒத்திவைத்தீர்கள். ஆறு வாரத்தில் மூன்று விடை எழுதும் மாணவனிடம், வழிமுறையைக் காட்டு என்றுதான் நான் கேட்பேன். அடுத்த முறை எழுதும் முன்பு, கார்டைத் தேய்க்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் மூத்த சகோதரர் வயதுக்காரர்கள் 1970-களில் படிக்கப் போனபோது 8 டாலரோடு விமானம் ஏறிய கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அரசு அளந்து கொடுத்தது அவ்வளவுதான். 1973-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்தை நினைத்தால் வியாபாரிகளுக்கு வேர்க்கும். அது போய் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அந்தத் தாராளப் பணஅனுப்பல் திட்டம் 2004-ல் ஒருவர் 25,000 டாலர் வரை அனுப்பலாம் என்று தொடங்கி, இன்று நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். எவ்வளவு பெரிய தூரம்! கதவை இவ்வளவு அகலமாகத் திறந்துவிட்டீர்கள். ஆனால் கூட அனுப்பிய சட்டம் இன்னும் மீனம்பாக்கம் விமான நிலைய வாசலோடு வழியனுப்பிவிட்டுத் திரும்பிவிடுகிறது. இரண்டரை லட்சம் டாலர் கொண்டுபோக உரிமை உண்டு. 200 யூரோ இயந்திரத்தில் மாட்டினால் கேட்க நாதியில்லை.

நாங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2024 பிப்ரவரி 2-ஆம் தேதி, ஈபிள் கோபுரத்துக்கு யுபிஐ வந்தது. மகள் கோபுரத்தின் இணையதளத்தைத் திறந்தாள், நான் என் போனில் ஸ்கேன் செய்தேன், பின் போட்டேன், டிக்கெட் வந்தது. ஓடிபி இல்லை, சிம் தேவைப்படவில்லை, வைஃபை போதுமானதாக இருந்தது. நிஜமாகவே மார்பு விரிந்தது. பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரரான மாப்பிள்ளையிடம், "பாத்தீங்களா எங்க ஊரு யுபிஐய" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ தலையாட்டினார். கோபுரத்திலிருந்து இறங்கி அடிவாரத்தில் காபி வாங்கப் போனால் யுபிஐ இல்லை. அது பரவாயில்லை, மெல்ல வரும். கார்டை நீட்டினேன். மெஷின் என் பக்கம் திரும்பியது. யூரோவா, ரூபாயா? மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, தானே யூரோவை அழுத்தினாள்.

வரும் ஆவணியில் மறுபடியும் போகிறோம். லா ஷப்பேல் பிள்ளையார் கோயில் தேர் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இந்த முறை யூரோ நோட்டுகளைச் சில்லறையாக மாற்றிப் பிரித்து வைத்துவிட்டாள்.

இந்த மடலுக்குப் பதில் போடுவதாக இருந்தால் தயவுசெய்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். குறுஞ்செய்தியாக அனுப்பினால் எனக்கு வராது.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார்